மஞ்சள் வைத்த பட்டாபட்டி

போன வாரம் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். காலையில் பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினவனைப் பார்த்ததும் காபியைக் கீழே வைத்துவிட்டேன். மேலே ஒரு பனியன். கீழே முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்ட, நீலத்தில் சிவப்புக் கோடு ஓடுகிற பட்டாபட்டி. அவ்வளவுதான். அதோடு தெருவில் இறங்கிவிட்டான்.

"டேய், கைலியக் கட்டிகினு போடா!" என்று கத்தினேன்.

"அப்பா, இது பாக்ஸர். வெளில போடுறதுதான்" என்றான்.

எதிர்வீட்டு அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "எப்பப்பா வந்த?" என்று விசாரித்தார். மறுபடி கோலத்தில் குனிந்துவிட்டார். இத்தனை காலமாக நாங்கள் வேட்டிக்கும் கைலிக்கும் உள்ளே ஒளித்து வைத்திருந்த ஒன்று சாவகாசமாகத் தெருவில் நடந்து பால் வாங்கப் போயிற்று.

எனக்கும் ஒன்று வாங்கி வந்திருந்தான். உறையைப் பிரித்தேன். லேசாகக் கஞ்சி வாடை. உங்களுக்கு எப்படியோ, எனக்குப் புதுத்துணியின் கஞ்சி வாடை வந்தால் தீபாவளி ஞாபகம் வருவதில்லை. ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வரும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே கூட்டிப்போனால், மலைமாதிரி ஒரு மனுஷன் ஒரு அண்டர்வேருக்காக ஏன் கண் கலங்கினான் என்பது உங்களுக்குப் புரியாது. கொஞ்சம் சுற்றிக்கொண்டு போவோம்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் அந்த நாளில் யாருக்கு எந்த ஊர் என்று கேட்கவே வேண்டாம். வீட்டுப் பின்பக்கத்துத் துணிக்கொடியைப் பார்த்தால் போதும். மதுரைப் பக்கத்து வீடென்றால் பட்டாபட்டி. காற்று அடித்தால் ஆள் இல்லாமலே நடக்கும். காவல் வேலைக்கு வந்த வடநாட்டுக்காரர்கள் பிளாக்கில் லங்கோடு, முக்கோணம் முக்கோணமாகத் திருவிழாத் தோரணம் மாதிரி. எங்கள் கடலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் வீட்டில் கோமணம். பார்த்தால் பிள்ளை மூக்குத் துடைக்கிற துணியோ என்று நினைப்பீர்கள். ஆபீஸர் வீட்டுக் கொடியில் ஒன்றுமே இருக்காது. புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவார்கள். ஆபீஸர் வீடு என்பதற்கு அதுவே அடையாளம்.

எந்த ஊர்க்காரர் ஆனாலும் வெள்ளையாகத் தொங்கவிட்டதை வெள்ளையாக எடுத்ததில்லை. புகைபோக்கிச் சாம்பல் அவ்வளவு சமத்துவமாக எல்லார் துணியிலும் வந்து உட்காரும். போதாததற்குச் சுரங்கத்துக் கரித்தூள். சட்டைக்கு உள்ளே, அதற்கும் உள்ளே, கடவுளுக்கே தெரியாத இடத்தில் எல்லாம் போய்ச் சேரும். அதனால் மைன்ஸ் வேலைக்காரன் வீட்டில் உள்துணி என்றால் கெட்டி நிறம்தான். நீலம், சிவப்பு, கறுப்பு. கோடு போட்டிருந்தால் இன்னும் நல்லது. அழுக்கு எது, கோடு எது என்று தெரியாது.

பட்டாபட்டியைப் பற்றி நான் நிறையச் சொல்வேன். அதற்குள் ஒரு பை இருக்கும். பீடிக்கட்டு, சாவி, சில சமயம் ஒரு வெல்லக்கட்டிகூட. அதன் நாடா இருக்கிறதே, அவசரத்துக்கு இழுத்தால் ஒரு முனை உள்ளே ஓடிப்போய்விடும். பழைய டூத்பிரஷ்ஷின் வால் ஓட்டையில் நாடாவைக் கோத்து, துணி மடிப்புக்குள் செலுத்தி, நெளிந்து நெளிந்து அடுத்த பக்கம் வெளியே கொண்டுவர வேண்டும். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சங்கு ஊதும்போதுதான் அது ஓடிப்போகும்.

கலியபெருமாள் அண்ணனுக்கு இதில் எதுவும் ஆகாது. அவர் கோமணக் கட்சி. குறிஞ்சிப்பாடியை ஒட்டிய ஒரு சிற்றூர். அவருடைய ஆட்கள் தலைமுறையாக அடுத்தவர் வயலில் இறங்கினவர்கள். அவரும் நானும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியை வாரிப் போடுகிற வேலை. எட்டாவதோடு நின்றுபோன எனக்கு, அவரோடு மண்வெட்டி பிடித்த காலம்தான் காலேஜ்.

"அலசிப் போட்டா ஒரு பீடி குடிச்சி முடிக்கிறதுக்குள்ள காஞ்சிடும். அர்ணாக்கவுறு இருக்கிற வரைக்கும் ஆம்பளைக்கி வேற என்னாத்துக்குடா?" என்பார். எனக்கென்று இருந்தது ஒரே ஒரு எலாஸ்டிக் ஜட்டி. அதன் எலாஸ்டிக்கும் மனசு விட்டுப்போய்த்தான் இருந்தது.

அப்படி இருந்தவர்களுக்கு ஒருநாள் மெடிக்கலுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

இது என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கான்ட்ராக்டில் இருப்பவனைப் பர்மனென்ட் ஆக்குவதற்கு முன்னால் உடம்பைப் பார்ப்பார்கள். தேறினால் வேலை, குவார்ட்டர்ஸ். தேறாமல் ஒதுக்கிவிட்டால் மறுபடி கூப்பிடுவார்களா என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கு முன்னால் போனதில் ஒருவர் நெஞ்சுச் சளி என்று நின்றுபோய், ஊருக்கே திரும்பி, மறுபடி அடுத்தவர் வயலில் இறங்கிவிட்டார். கலியண்ணன் சம்சாரம் அஞ்சலை அண்ணிக்கு அந்தக் கதை மனப்பாடம். அவர்கள் இருந்தது ரோட்டோரக் குடிசை. மழை வந்தால் பெண் செல்வியின் புத்தகப்பையைத்தான் முதலில் தூக்கி மேலே மாட்டுவார்.

"பைப்ப தொறந்தா தண்ணி, சுச்சு போட்டா வெளிச்சம், எம்பொண்ணு ஒரு மேசையில குந்திப் படிக்கணும் தம்பி. வேற நான் என்னா கேக்குறன்?" என்பார்.

முதல் நாள் போய்வந்தவர்கள் ஒரு சேதி கொண்டுவந்தார்கள். சட்டை, கைலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உள்துணியோடு வரிசையில் நிற்க வேண்டுமாம்.

"கோமணத்தோட நின்னா என்னா பண்ணுவாங்க?" என்றார் கலியண்ணன்.

"டாக்டரு ஒண்ணும் பண்ண மாட்டாரு. நம்ம ஷிப்டுக்காரனுங்க சாவுற வரைக்கும் பேரு வெச்சிக் கூப்புடுவானுங்க" என்றேன்.

அதற்குப் பயந்து பஜாருக்கு வந்தார். துணிக்கடை ரஹீம் பாய் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். வாங்குகிறவனைச் சிரிக்கவைக்காமல் வெளியே விட மாட்டார். முதலில் ஒரு ஜட்டியை எடுத்துப் போட்டார். கலியண்ணன் எலாஸ்டிக்கை இழுத்து டப்பென்று விட்டுப் பார்த்தார்.

"பாய், இதுல எந்த ஓட்டையில தலைய வுடணும்?"

"தலைய வுடுறதுக்குத்தான் பனியன் வெச்சிருக்கேன். அத தனியா வாங்கிக்க."

கடைசியில் கைலித் துணியில் தைத்த ஒரு பட்டாபட்டியில் வந்து நின்றது. நீலத்தில் சிவப்புக் கோடு. கஞ்சி போட்டு அட்டைமாதிரி இருந்தது. தரையில் நிறுத்தினால் தானாக நிற்கும்போல. மடித்துக் கொடுக்கும்போது பாய் சொன்னார்: "வீட்டுக்குப் போனதும் தண்ணியில நல்லா அலசிடு. கலரு புதுசு, கொஞ்சம் வுடும்."

கலியண்ணன் அதை அப்படியே அண்ணியிடம் ஒப்பித்தார். அண்ணி கேட்கவில்லை.

"கோடித்துணிய நனைச்சிட்டா அப்பறம் என்னா கோடி? நல்ல காரியத்துக்குப் போற மனுசன் பழசப் போட்டுகினா போவாரு?"

கோடித்துணி என்றால், புதுசு கலையாமல் மஞ்சள் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். அங்கேதான் சண்டை வந்தது.

"சாமிகிட்ட அண்டர்வேரயா கொண்டாந்து வெப்பாங்க?" என்றார் அண்ணன்.

"வேட்டி வெக்கிறோம். சட்ட வெக்கிறோம். இதுவும் துணிதான? சாமிக்குத் தெரியாம நீ எத மறைக்கப் போற?"

நான் நடுவில் புகுந்து, சட்டைக்கு அடியில் மடித்து வைக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். அண்ணி மஞ்சளைக் குழைத்து, இடுப்புப் பட்டியில் ஈரத்தோடு ஒரு பெரிய பொட்டாக வைத்தார். சின்னதாக வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

சித்திரை வெயில். ஆஸ்பத்திரி வாசலில் காலையிலிருந்து நின்று, உள்ளே விட்டபோது எல்லாருக்கும் வேர்வை ஊற்றியிருந்தது. பெரிய கூடம். கைலிகள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்தன. வரிசையில் நின்றவர்களைப் பார்க்க வேண்டுமே! டவுன்ஷிப்பின் கொடி முழுவதையும் ஒரே கயிற்றில் கட்டி உள்ளே கொண்டுவந்த மாதிரி. வீச்சருவாளுக்குப் பயப்படாத ஆட்கள், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முழித்தார்கள்.

டாக்டர் சின்ன வயசு. என்னிடம் வந்தார். "ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

நான் ஒன்றைத் தூக்கினேன். இன்னொன்று என் ஜட்டியின் எலாஸ்டிக் செய்ய வேண்டிய வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"ரெண்டையும்."

"ஒண்ணு ஒண்ணா தூக்கறேன் சார்" என்றேன். புரிந்துகொண்டு சிரித்தார். நல்ல மனுஷன். என்னைத் தேறினவன் என்று எழுதிவிட்டு அடுத்து நின்ற கலியண்ணனிடம் போனார். அப்புறம் அந்தச் சிரிப்பு நின்றது.

பட்டாபட்டியைக் கொஞ்சம் மேலே ஏற்றச் சொன்னார். இரண்டு தொடையிலும் திட்டுத் திட்டாக நீலம். நடுநடுவே பட்டை பட்டையாகச் சிவப்பு. இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள்.

"இது எத்தன நாளா இருக்கு?"

கலியண்ணன் குனிந்து பார்த்தார். "காலைல குளிக்கசொல்ல இல்லிங்களே."

"அரிப்பு இருக்கா?"

கஞ்சித்துணி, வெயில், வேர்வை. எப்படி இல்லாமல் இருக்கும்? "இருக்குதுங்க."

"வீட்ல வேற யாருக்காவது?"

பயத்தில் மனுஷன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். "எம்பொண்ணு அப்பப்ப சொறிஞ்சிப்பாங்க."

"அந்த பெஞ்சுல உக்காருங்க. தோல் டாக்டர் பாக்கட்டும்."

ஒதுக்கிவிட்டார்கள். எனக்கும் மண்டையில் உறைக்கவில்லை, சத்தியமாக. கரி படிந்த உடம்பைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. கலர் படிந்த உடம்பைக் கண்டதில்லை. பக்கத்தில் போனேன். கலியண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அவ்ளோதாம்பா. வெளிய அவ குந்திகினு இருக்கா. எனக்குச் சொல்ல வாய் வராது. நீ போய்ச் சொல்லிடு" என்றார். கண் நிறைந்துவிட்டது.

கைலியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். புங்கமரத்தடியில் அண்ணி தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆரம்பித்தேன். "அண்ணனுக்கு தொடையில நீலமும் செவப்புமா என்னமோ வந்திருக்கு அண்ணி. நிறுத்தி வெச்சிட்டாங்க. இடுப்புல வேற மஞ்சளா..."

"மஞ்சளா?"

அண்ணி எழுந்துவிட்டார். "ஐயோ, அது நான் வெச்ச மஞ்சளாச்சே!"

அடுத்த நிமிஷம் கூடத்து வாசலில் இருந்தார். "உள்ள எல்லாம் ஆம்பளைங்க நிக்கிறாங்கம்மா" என்று அட்டெண்டர் குறுக்கே கை நீட்டினார். அண்ணி முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு, வாசலில் நின்றபடியே குரல் கொடுத்தார்.

"எல்லாரும் செவுத்தப் பாத்து திரும்பி நில்லுங்கய்யா! ஒரு பொம்பள பேசணும்!"

வரிசை முழுக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. டாக்டரும் சேர்ந்து திரும்பிவிட்டார். பாவம், அவர் முழுசாக உடுத்தியிருந்தது அந்த நேரத்தில் அவருக்கே ஞாபகம் இல்லை.

"டாக்டரய்யா, அது நோவு இல்லிங்க. துணிச்சாயம். கடைக்கார பாய் அலசச் சொன்னாரு, நான்தாங்க கோடித்துணின்னு நனைக்கவுடல. அந்த மஞ்சளும் நான் வெச்சது. வேணும்னா தொடச்சிப் பாருங்க சாமி."

டாக்டர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அண்ணன் தொடையில் ஒரு இழுப்பு இழுத்தார். பஞ்சு நீலம். இன்னொரு பஞ்சு சிவப்பு. இழுத்த இடத்தில் கலியண்ணனின் சொந்தத் தோல், கறுப்பாக, ஒரு குறையும் இல்லாமல் தெரிந்தது. டாக்டர் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்கம்மாவும் புதுத்துணிய நனைக்க விட மாட்டாங்க. அதுக்காக இதுக்குமாம்மா மஞ்சள் வைப்பீங்க?"

முந்தானையை எடுக்காமலே அண்ணி சொன்னார்: "நீங்க பாக்கப் போறது அதத்தான?"

சுவரைப் பார்த்து நின்ற அத்தனை முதுகும் குலுங்கியது. கலியண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. துடைத்த இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு பேருக்கும் பர்மனென்ட் ஆயிற்று. ஒரே பிளாக்கில் குவார்ட்டர்ஸ் வந்தது. அண்ணி பைப்பைத் திறந்து திறந்து மூடினார். அண்ணன் செய்த முதல் வேலை, பின்பக்கம் இரண்டு கம்பம் நட்டுக் கொடி கட்டியது. அதில் முதலில் காய்ந்தது அந்தப் பட்டாபட்டி. அது லேசில் அடங்கவில்லை. அண்ணி ஒருநாள் அதோடு சேர்த்து ஊறப்போட்ட என் பனியன் இரண்டு வருஷம் ரோஜா நிறத்தில் இருந்தது. கிழிந்து கரித்துணியாகி அடுப்படிக்குப் போன பிறகும் சாயம் விட்டுக்கொண்டிருந்தது என்று அண்ணி சொல்வார். செல்வி மேசையில் உட்கார்ந்து படித்தாள். இன்று கணக்கு டீச்சர்.

நாங்கள் இருந்த பிளாக்கில் இப்போது ஆள் இல்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். கம்பம் இரண்டும் கருவேலத்துக்கு நடுவில் நிற்கின்றன, கயிறு இல்லை. ரஹீம் பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை தொங்குகிறது. மெடிக்கலுக்குப் போகிற பிள்ளைகளைப் பச்சைத் திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் பார்க்கிறார்களாம். நல்லதுதான். யாருக்கும் கை எங்கே வைப்பது என்ற கவலை இல்லை. ஆனால் எல்லாரையும் ஒன்றாகச் சுவரைப் பார்த்துத் திரும்பவைக்கிற குரலும் அங்கே கேட்காது. துணிக்கொடிகளைப் பார்த்தால், எந்த வீடு எந்த ஊர் என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. எல்லார் வீட்டிலும் ஒரே பாக்ஸர்.

ஞாயிற்றுக்கிழமை கலியண்ணனும் அண்ணியும் வடலூரிலிருந்து வந்தார்கள். ரிட்டயர் ஆன பிறகு அங்கேதான் வீடு கட்டிக்கொண்டார்கள். மகன் அதே கோட்டுப் பாக்ஸரோடு போய்க் கதவைத் திறந்தான்.

"இத்தோடயா தெருவுல போற? குடுத்து வெச்சவன்டா" என்றார் அண்ணன்.

அண்ணி கேட்டது வேறு. "போடறதுக்கு முன்ன அலசனியா கண்ணு?"

"இப்பல்லாம் சாயம் போவாது பெரிம்மா."

அண்ணிக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கென்று வாங்கி வந்திருந்த புதுசை எடுத்து, டம்ளர் தண்ணீரில் ஒரு ஓரத்தை நனைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. இன்னொரு தடவை தேய்த்தார். "ஒண்ணுமே வரலியே" என்றார். அது சந்தோஷமா ஏமாற்றமா என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலியண்ணன், கைலிக்கு மேலேயே தன் தொடையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

அண்ணி அடுப்படிப் பக்கம் திரும்பி என் சம்சாரத்தைக் கூப்பிட்டார்: "கொஞ்சம் மஞ்சள் எடுத்தா."