கதவுக்காரர் போட்ட சிவப்புக் கோடு

கடல் வாய்க்காலுக்குள் ஏறாமல் அடைக்கும் இரும்புக் கதவுக்கு அவர்தான் காவல். ஊரில் அவருக்குப் பெயரே கதவுக்காரர். கதவருகே ஒரு கல்தூண், அதில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் கோட்டைத் தொட்டால் சக்கரத்தைச் சுற்றிக் கதவை இறக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக ஒரு நாளும் அவர் பிந்தியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆனால் பெரிய அலை நாட்களில் அவர் வீட்டுச் சமையலறையிலேயே தண்ணீர் நின்றது. மனைவி கேட்டால், "தண்ணி கோட்டையே தொடலை, வீட்டுக்குள்ள எப்படி வரும்? நீ குப்பையைக் கொட்டிச் சாக்கடையை அடைச்சிருப்ப" என்பார். பாவம், அவள் சாக்கடையைக் குத்திக் குத்தியே கை ஓய்ந்தாள்.

அன்று மதியம் புயலலை வரும் என்று அறிவித்திருந்தார்கள். கோடு பளிச்சென்று தெரியட்டும் என்று காலையில் பெயிண்ட் டப்பாவோடு போனார். வருஷா வருஷம் செய்கிற வேலைதான். பாசியில் பெயிண்ட் ஒட்டாது. அதனால் பாசிக்கு மேலே கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு வருவார். இந்த முறை பாசியைச் சுரண்டிப் பார்த்தார். அடியில் பழைய சிவப்பு. அதற்குக் கீழே இன்னும் பழையது. எல்லாம் அவர் கைவேலை. வருஷா வருஷம் கடல் ஏற ஏறப் பாசியும் ஏறியிருக்கிறது, பாசியோடு அவர் கோடும் நாலு விரல் ஏறிவிட்டது. புதுக் கோடு போடாமல் டப்பாவை மூடினார்.

மதியம், தண்ணீர் கோட்டைத் தொட இன்னும் நாலு விரல் இருக்கும்போதே சக்கரத்தில் கை வைத்தார்.

"அண்ணே, தண்ணி இன்னும் கோட்டுக்கு வரலையே! ரெண்டு படகு இன்னும் வெளியில நிக்குது!" என்று கத்தினான் படகுக்காரன்.

"சீக்கிரம் உள்ளே கொண்டு வா. கோடு தப்பு. தப்பாப் போட்டவன் நான்தான்."

சொன்னபோது முகம் சுண்டிப்போனது. படகுகள் நுழைந்ததும் கதவை இறக்கிவிட்டார். கடல் கதவில் மோதி மோதி, சாயங்காலம் அடங்கியது.

வீட்டுத் தரை காய்ந்திருந்தது. "சாக்கடை மேல தப்பில்ல. என் மேலதான்" என்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"பத்தொன்பது வருஷம்!" என்றாள் அவள். பிறகு கேட்டாள், "இன்னைக்குத் தண்ணிக்கு மேல கதவு எவ்வளவு மிச்சம் இருந்துச்சு?"

"ஒரு சாண்தான். கடல் இன்னும் ஏறும். நாம வேற வீடு பாத்துடுவோம்."

எத்தனையோ தடவை அவளே கெஞ்சியதுதான். ஆனால் அவர் வாயால் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கதவுக்காரருக்கே கதவின் மேல் நம்பிக்கை போய்விட்டதே.