பாதிச் சொல் எனக்கு, மீதிச் சொல் உனக்கு

சிதம்பரத்தில் நான் வேதியியல் நடத்தும் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் பாதிச் சொல்லை இழுப்பார், மீதியை மாணவர்கள் முடிப்பார்கள். "சூடு ஏறினா வினையோட வேகம் கூ...?" என்றால் "டும்!" என்று வகுப்பே அதிரும். யார் மண்டையிலும் ஒன்றும் ஏறியிருக்காது. ஆனால் வராந்தாவில் போகிறவருக்கு, அடடா, என்ன அருமையான வகுப்பு என்று தோன்றும். நானும் அப்படித்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் கடலூரில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். மதியச் சாப்பாட்டுக்காகத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பேசிய அம்மாள் ஒரே உத்தியைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்: நிஜமான கேள்வி ஒன்றைக் கேளுங்கள், பிறகு யாராவது பேசும்வரை வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். நானா? செம்மண்டலத்தில் எங்கள் தெருவுக்கே என் வாய் பிரசித்தம். இருந்தாலும் ரோஷம் வந்துவிட்டது.

நான் முயன்று பார்த்த நாளாகப் பார்த்து முதல்வர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். என்னுடையது வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. அடுத்த வருடம் நான் இருப்பேனா மாட்டேனா என்பதை அந்த ஒரு வகுப்பை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார். பேசாமல் பழைய பாட்டையே பாடியிருக்கலாம். வீம்பு யாரை விட்டது?

"மீனை ஐஸ்ல வச்சா ஏன் கெடறதில்ல?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மின்விசிறி மட்டும் கடகடத்தது. பாதிச் சொல் விழுமா என்று பிள்ளைகள் என் வாயையே பார்த்தார்கள். வேலை போச்சு என்றே நினைத்தேன். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி, அதுவரை வகுப்பில் தனியாக வாயே திறக்காதவள், மெல்ல நிமிர்ந்தாள். அதற்குள் முதல்வருக்குப் பொறுக்கவில்லை. பின்னாலிருந்து "வேகம் குறை...?" என்று இழுத்துவிட்டார்.

"யும்!" என்றது வகுப்பு, பெரிய நிம்மதியோடு.

பாவி மனுஷன், காரியத்தையே குட்டிச்சுவர் ஆக்கினாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் எழுந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் சொல்ல வந்தது அது இல்ல சார். மேடம் கேட்ட கேள்வியே தப்பு. ஐஸ்ல வச்சாலும் மீன் கெடும். மெதுவா கெடும், அவ்ளோதான்."

எனக்கும் சேர்த்துத்தான் விழுந்தது. ஆனாலும் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல சந்தோஷமாக இருந்தது. உடனே இன்னொருவன் ஃப்ரிட்ஜில் வைத்த தோசை மாவும் புளிக்கிறதே என்றான். அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள், மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மாலையில் முதல்வர் அறைக்கு அழைப்பு வந்தது. இனி வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு போய் நின்றேன். நான் அப்படிச் சும்மா நின்றதில் தனக்குப் படபடப்பு வந்துவிட்டதாக நெஞ்சைத் தடவிக்கொண்டே குறைப்பட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்த வருஷமும் வரு...?"

"வேன் சார்!" என்று, என் வகுப்பு மொத்தமும் சேர்ந்து கத்துவதைவிட உரக்க முடித்தேன்.