மரக்கூழ் ஏற்றுமதியும் மச்சானின் மூன்று ஏக்கரும்

ஈப்போவில் டிஷ்யூ பேப்பர் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு அலுவலக வேலை. பேப்பருக்கு வேண்டிய மரக்கூழ் வெளிநாட்டிலிருந்து வருகிறது. தென்னமெரிக்காவின் ஏற்றுமதி மதிப்பு என்ன, நம் தென்கிழக்காசியாவின் மதிப்பு என்ன என்று வருடவாரியாக ஒப்பிட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. முதலாளி அதைப் பார்த்துத்தான் எங்கே வாங்குவது என்று முடிவெடுப்பார். ஏர்கோன் அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை. கூழுக்காக வளர்க்கிற அக்காசியா மரத்தை நான் கையால் தொட்டதுகூடக் கிடையாது.

ஒரு தீபாவளிக்கு என் மனைவியின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கோலா கங்சார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்த மனிதர். தோட்டத்துக்காரர்கள் அதை விற்றபிறகு, சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு மூன்று ஏக்கர் பால்மரம் வாங்கி, சொந்த மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் சமையலறையில் இருந்தார்கள். சாப்பிட்டோமா, தூங்கினோமா என்று நான் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? மடிக்கணினியைத் திறந்து பெருமையளக்க ஆரம்பித்தேன்.

"பாருங்க மச்சான், மேல இருக்கிற கோடு தென்னமெரிக்கா. கீழ இருக்கிறது நம்ம பக்கம். மொதல்ல எங்க கெடந்துச்சு, இப்ப எங்க வந்துருச்சு பாருங்க."

"அப்ப மரம் வச்சிருக்கவனுக்கு நல்ல காசுன்னு சொல்லுங்க."

"பின்ன? நீங்கதான் இன்னும் பாலக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க. அக்காசியாவ வச்சிட்டு கால நீட்டிப் படுக்கலாம்லா."

இருவரும் சிரித்தோம்.

கோடு ஏறியது உண்மைதான். ஆனால் அந்த ஏற்றமெல்லாம் பக்கத்து நாட்டுக்காரனுடையது. பெரிய ஆலைகள் அங்கே இருக்கின்றன, ஆலையைச் சுற்றி அவர்களே வளர்க்கிற காடும் இருக்கிறது. எங்கள் பேராக் மாநிலத்தில் மரத்தை வாங்கிக் கூழாக்க ஒருத்தரும் கிடையாது. எனக்கு இது தெரியாதா? தென்கிழக்காசியா முழுவதையும் சேர்த்து ஒரே கோடாகப் போட்டவனே நான்தான். நம்ம பக்கம் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் மச்சான் போன் செய்தார். பால்மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டு அக்காசியாக் கன்று நட்டுவிட்டாராம். "ஒங்கள நம்பித்தான் மாப்ள" என்றார். அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் மறுபடியும் ரப்பர் கன்றையாவது நட்டிருப்பார். மரம் வளர்வதற்குள் ஏதாவது ஆலை வந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, நல்லா வரட்டும் மச்சான் என்று போனை வைத்தேன். கோழை.

மரம் வளரும்வரை சோற்றுக்கு வழி வேண்டுமே. மச்சான் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகா வேலைக்கு, அதாவது காவலுக்குச் சேர்ந்தார். பேரன் எடுத்த வயதில், கார் வருகிறபோதெல்லாம் எழுந்து தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட வேண்டும். அலுவலகத்தில் வரைபடத்தைப் புதுப்பிக்கிறபோதெல்லாம் அவர் ஞாபகம்தான் வரும். கோடு ஏறினாலும் உறுத்தும், இறங்கினாலும் உறுத்தும்.

மரங்கள் வெட்டுகிற அளவுக்கு வளர்ந்தபிறகு, போன மாதம் சித்தியவானிலிருந்து ஒரு மர வியாபாரி பார்க்க வருகிறார் என்று மச்சான் என்னையும் கூப்பிட்டார். வியாபாரியான அந்தச் சீனத் தவுக்கே மரங்களுக்கு நடுவில் கொஞ்ச தூரம் நடந்தார். கூழுக்கு இதை எங்கே கொண்டுபோவது, லோரிக் கூலிக்கே கட்டாது, விறகுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன் என்று மலாயில் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

மச்சானின் மனைவிக்கு அதுவரை அடக்கிவைத்திருந்தது பொங்கிவிட்டது.

"பால் வெட்டிக்கிட்டு நிம்மதியா இருந்தோம். யாரு சொல்லி இத நட்டீங்க? அன்னையிலேருந்து கேக்குறேன், வாயத் தொறக்க மாட்டேங்குறீங்க."

இத்தனை காலமும் மச்சான் என் பெயரைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. “நான்தான் சொன்னேன், அக்கா” என்று சொல்லியிருக்க வேண்டும்.

"யாரும் சொல்லல" என்றார் மச்சான், என்னைப் பார்க்காமல். "மாப்ளகூட அப்பவே வேணாம்னாரு. நாந்தான் கேக்கல."

"அப்படியா தம்பி?" என்று அக்கா என் பக்கம் திரும்பினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இந்த மனுசன் ஒங்க பேச்சக் கேட்டிருந்தா எங்களுக்கு இந்தக் கதி வந்திருக்குமா, தம்பி" என்றார் அக்கா.