பாணதீர்த்தம் முதல் புன்னைக்காயல் வரை

அந்தப் புரட்டாசியில் எனக்கு வயது இருபத்து நான்கு. பி.ஏ. தேறி, பாளையங்கோட்டையில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியனாக இரண்டு ஆண்டுகள் கழித்திருந்தேன். எங்கள் தெருவில் பட்டம் பெற்றவன் நான் ஒருவனே. சீவலப்பேரியில் பெரிய வீடு என்று ஊரார் சொல்லும் குடும்பத்தில் ஆவணியில்தான் பெண் எடுத்திருந்தேன். இவற்றைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. இனிச் சொல்லப்போவது விளங்க இவை வேண்டும்.

சென்ற வாரம் என் மகன் என்னைக் காரில் அழைத்துப்போய், பாபநாசத்துக்கு மேலே கட்டியிருக்கும் அணையைக் காட்டினான். மதகு வழியே நீர் சீறி விழுந்தபோது மக்கிய இலையும் ஈரப்பாறையும் கலந்த வாசனை ஒன்று எழுந்தது. மகன் அணையின் உயரத்தைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். எனக்குக் காதில் விழவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வாசனை ஞானமுத்துவையே கொண்டுவந்து நிறுத்துகிறது.

ஞானமுத்து எங்கள் பள்ளியில் இயற்கைப் பாடம் நடத்தியவன். மிஷன் வளாகத்திலேயே பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஆறு பாணதீர்த்தத்தில் அருவியாக விழும் இடத்திலிருந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் இடம்வரை கரையோடு நடந்து செடி சேகரிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. விடுமுறை வந்ததும் துணைக்கு என்னைக் கூப்பிட்டான். நானும் புறப்பட்டுவிட்டேன்.

பாணதீர்த்தத்துக்குக் கீழே ஆறு அன்று குறுகிய மலை இடுக்கில் ஓடியது. இரு பக்கமும் சுவர்போல் காடு. உச்சி வெயில்கூட அங்கே பச்சை நிறமாகத்தான் இறங்கும். அட்டைக்குப் பயந்து காலில் புகையிலைச் சாற்றைத் தடவிக்கொண்டு பாறைக்குப் பாறை தாவினோம். தாவினோம் என்பது அவனுக்கே பொருந்தும். நான் மூடிய கழுத்துக் கோட்டும் தலைப்பாகையுமாக உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தேன். மேலே ஒரு கருமந்தி கத்தியது.

"கோட்டக் கழத்தும்வே," என்றான் ஞானமுத்து.

"நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாக?"

"அதுஞ் சரிதான். கருமந்திக்கு யாரு பட்டதாரின்னு தெரியாண்டாமா!"

மலையில் பத்து நாள் தங்கினோம். பெரணி இலைகளை ஒவ்வொன்றாகப் பழைய செய்தித்தாளுக்குள் விரித்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துக் கட்டுவான். மலைக்காய்ச்சலைப் பற்றி ஊரில் எச்சரித்திருந்தார்கள். நாங்கள் படித்தவர்கள், சிரித்துவிட்டோம்.

சமவெளிக்கு இறங்கி மருதமர நிழலில் மூன்று நாள் நடந்தோம். அதற்குள் என் தலைப்பாகை ஆற்றோடு போயிற்று. கோட்டு முதுகில் கிழிந்திருந்தது. காலெல்லாம் அட்டைக்கடிப் புண். "மாமனார் ஊரு வருது. மீசைய முறுக்கிவிடும்வே," என்று அன்று நண்பகலிலும் கேலி செய்தவன், சீவலப்பேரிப் படித்துறையை அடையும்போது பல் கிட்டி நடுங்கினான்.

துறையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "அண்ணாச்சி, இவருக்கு மேலு அனலாக் கொதிக்கே! மழை வேற வருது. அங்கன மேலத்தெருவுல பெரிய வீடு இருக்கு. ஒரு வார்த்தை சொன்னாக் கட்டிலப் போட்டுக் குடுப்பாக. நல்ல மனுசரு."

அது என் மாமனார் வீடு. தலைத்தீபாவளிக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. அதற்கு முன் புது மாப்பிள்ளை அந்தப் படியை மிதிப்பது வழக்கமில்லை. மிதித்தாலும் வில்வண்டியில் வந்து இறங்க வேண்டும். நான் என் கால்களைப் பார்த்துக்கொண்டேன்.

"எங்களுக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாது," என்றேன்.

ஞானமுத்து என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு அவரிடம், "ஆமா அண்ணாச்சி, நாங்க அசலூரு," என்றான்.

ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் தங்கினோம். மூன்று பக்கமும் சாரல். நனையாத ஒரே மூலையில் அவன் தன் இலைக்கட்டை வைத்தான். என் கோட்டால் அவனைப் போர்த்தினேன். அன்று நான் செய்ததாகச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் உண்டு.

காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. வண்டி பிடித்தால் அரை நாளில் பாளையங்கோட்டை. வண்டி பிடிக்க ஊருக்குள் போக வேண்டும். "கடல் என்ன, ரெண்டு நாள் நடைதான? போவம்வே," என்றான். நான் உடனே ஒப்புக்கொண்டேன். வழியில் ஒருநாள் நடுங்கினான், மறுநாள் தெளிந்தான். அதையே குணமாவதன் அடையாளம் என்று சொல்லிக்கொண்டேன்.

புன்னைக்காயலில் ஆறு அகன்று, சத்தமில்லாமல் கடலோடு கலந்தது. அவன் முழங்கால் நீரில் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தான். "இன்னும் ஆத்துத் தண்ணியாத்தான்வே இருக்கு," என்று சிரித்தான். கரையேறும்போது விழுந்தான்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பரதவப் பெண் ஓடிவந்தாள். நான் எங்கள் பெயரையும் பள்ளியையும் சொல்லத் தொடங்கினேன். "யாரு எவருன்னு பொறவு கேட்டுக்கிடலாம். மொதல்ல உள்ள தூக்கும்," என்று தன் குடிசையில் இருந்த ஒரே பாயை விரித்தாள்.

மூன்றாம் நாள் பகலில் ஞானமுத்து இறந்தான். அன்று காலை நினைவு தெளிந்திருந்தது. "சீவலப்பேரில படுத்துக் கெடந்தத உம்ம மாமனாருட்டச் சொல்லாதேயும். சங்கடப்படுவாக," என்றான். அவனுடைய பெருந்தன்மையை நான் எனக்குக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொண்டேன். தலைத்தீபாவளிக்கு வில்வண்டியில் போய் இறங்கினேன்.

நாங்கள் இறங்கி வந்த இடுக்கு இன்று அணைநீருக்கு அடியில் இருக்கிறது. இலைக்கட்டைப் பள்ளி அலமாரியில் வைத்தேன், கறையான் தின்றது. கல்மண்டபத்தை ஒரு வெள்ளம் கொண்டுபோயிற்று. புன்னைக்காயல் குடிசை இருந்த இடத்தைப் பின்னாளில் தேடிப் போனேன், மணல்தான் இருந்தது. மாமனாரும் என் மனைவியும் போய்விட்டார்கள்.

நாங்கள் மண்டபத்தில் கிடந்த செய்தி துறையில் பார்த்தவர் மூலம் பின்னால் பரவியிருக்கிறது. மழையில் தவித்த ஞானமுத்துவை, கிறிஸ்தவன் என்பதால் என் மாமனார் வீட்டில் ஏற்றவில்லை என்று பாளையங்கோட்டையில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது தவறு. அவன் ஊருக்கு வந்திருந்ததே அவருக்குத் தெரியாது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நான்.