மாரி சுத்தம் செய்த டேட்டாபேஸ்

1. எண்பதாம் போர்ட்

எங்கள் கம்பெனி சாத்தூரில், ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது. முதலாளி ராஜாமணி அண்ணாச்சி பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகக்காரர். லேபிள் வாங்க வருகிறவர்கள் எல்லாம் வெப்சைட்டும் கேட்க ஆரம்பித்ததும், மாடியில் மூன்று மேசையைப் போட்டு, கீழே டிசைன் பார்த்துக்கொண்டிருந்த என்னை மேலே ஏற்றிவிட்டார். என் பெயர் நூர்ஜஹான், வயது நாற்பத்தாறு, பதவி சீனியர் டெவலப்பர். ஜூனியர் என்று அப்போது யாரும் கிடையாது.

வெப்சைட்டை ஊருக்குக் காட்டுவதற்கு முன்னால் நம் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு வேண்டியதைத் தனித்தனி கன்டெய்னரில் அடைத்து ஓட்டுவதுதான் டாக்கர். ஒன்றில் வெப் சர்வர், இன்னொன்றில் டேட்டாபேஸ். படிக்கும்போது இவ்வளவுதான். ஓட்டும்போதுதான் உயிரை வாங்கும்.

முதல் நாள் காலை ஓட்டினேன். எண்பதாம் போர்ட் காலி இல்லை என்று வந்தது. போர்ட் என்றால் வெப்சைட் உள்ளே வரும் வாசல். ஒரு வாசலில் ஒருவர்தான் நிற்க முடியும். யாரோ நிற்கிறார்கள். டாக்கரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மத்தியானம் வரை திட்டியதில் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அண்ணாச்சி மாடியேறி வந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நேத்து வரைக்கும் ஓடிக்கிட்டுதான இருந்துச்சு. எதுக்குப் புதுசா ஒண்ணைப் போட்டு நோண்டுற?"

அவர் எரிச்சலில் கேட்டதுதான் விடை. நேற்று வரை ஓடியது, இன்றும் ஓடிக்கொண்டிருந்தது. பழைய வெப் சர்வரை, கம்ப்யூட்டர் எழும்போதே தானாக எழும்படி நானே செட் பண்ணி வைத்திருந்தேன். வாசலில் நின்றது அதுதான். அதை நிறுத்தியதும் டாக்கர் சமர்த்தாக உள்ளே வந்தது. வேறு ஏதோ கோளாறு, சரிபண்ணிவிட்டேன் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். சீனியர் டெவலப்பருக்கு அந்த அளவு சலுகை உண்டு.

2. இங்கன என்றால் எங்கே

அடுத்த மாதம் மாரி என்ற பெண் வந்தார். பதினைந்து வருடம் ஒரு பட்டாசு யூனிட்டில் வேலை பார்த்து சூப்பர்வைசர் வரை உயர்ந்தவர். விடியற்காலை வேன் பிடித்துப் போய் வர உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று விட்டுவிட்டார். தட்டச்சில் ஹையர் பாஸ். சரக்குப் பட்டியலை வெப்சைட்டில் ஏற்ற ஆள் வேண்டும் என்று அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் பார்ப்பது, பிடித்தால் வைத்துக்கொள்வது என்று பேச்சு.

அவர் வந்த அன்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். வெப் சர்வர் ஓடுகிறது, டேட்டாபேஸும் ஓடுகிறது, ஒன்றுக்கொன்று பேச மாட்டேன் என்கிறது. டேட்டாபேஸ் இருக்கும் இடம் லோக்கல்ஹோஸ்ட், அதாவது இதே கம்ப்யூட்டர், என்று சரியாகத்தான் எழுதியிருந்தேன். ரெண்டு நாளாக இதே கதை.

"என்னக்கா, இம்புட்டு யோசனை?" என்றார் மாரி.

புரியாது என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். "உங்க யூனிட்ல மருந்து கலக்குற ரூம் தனி, அடைக்கிற ரூம் தனி இல்லையா? கன்டெய்னரும் அதே மாதிரிதான் மாரி. ஒவ்வொண்ணும் ஒரு ரூம். இந்த ரூம்ல இருந்து டேட்டாபேஸைக் கூப்பிடுறேன், வர மாட்டேங்குது."

"எங்க இருக்குன்னு சொல்லிக் கூப்பிடுறீக?"

"இங்கனதான் இருக்குன்னு."

"அடைக்கிற ரூம்ல நின்னுக்கிட்டு இங்கனன்னு சொன்னா, அந்த ரூம்லதானக்கா தேடும்? பக்கத்து ரூமைப் பேரு சொல்லில்லா கூப்பிடணும்."

லோக்கல்ஹோஸ்டை எடுத்துவிட்டு டேட்டாபேஸ் கன்டெய்னரின் பெயரைப் போட்டேன். உடனே பேசிக்கொண்டன. எனக்குச் சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தன.

3. காணாமல் போகும் சரக்கு

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து கம்பெனி ஒன்று ஆர்டர் தந்திருந்தது. சரம், சாட்டை, புஸ்வாணம் என்று எல்லாச் சரக்கும் படத்தோடு வெப்சைட்டில் வர வேண்டும். சனிக்கிழமை அவர்கள் பார்க்க வருகிறார்கள். வெளி சர்வர் இன்னும் வாங்கவில்லை என்பதால் மாரி தன் கம்ப்யூட்டரிலேயே ஏற்றிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பூராவும் உட்கார்ந்து ஏற்றினார். செவ்வாய் காலையில் திறந்தால், சோதனைக்கு நான் போட்டு வைத்த ஐந்து சரக்கு மட்டும் இருந்தது. மற்றது எதுவும் இல்லை.

"சேவ் பண்ணுனீங்களா?" என்றேன்.

"பண்ணுனேன்க்கா."

செவ்வாய் முழுக்க மறுபடி ஏற்றினார். புதன் காலையில் மறுபடி அதே ஐந்து. இரண்டு கன்டெய்னரும் தன் பாட்டுக்கு எழுதி வைக்கும் குறிப்பான லாக்கை வரிக்கு வரி படித்தேன். வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தேன். கரண்ட் கட்டைக் குறை சொன்னேன். இணையத்தில் முன்பின் தெரியாத வெளிநாட்டு மனிதர்களிடமெல்லாம் கேள்வி கேட்டேன்.

வியாழன் காலையிலும் ஐந்துதான். அண்ணாச்சி என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் உரக்கடை வரை கேட்கும்.

"ஏம்மா, இந்தப் பொம்பளை டைப் பண்ணுதா, இல்ல பண்ணுன மாதிரி காட்டுதா? நாளைக்கும் இப்படியே இருந்துச்சுன்னா கணக்கை முடிச்சு அனுப்பிருவேன்."

மாரி நாள் முழுக்க டைப் பண்ணியதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். ஆனாலும், "தெரியல அண்ணாச்சி" என்றேன். கோளாறு டாக்கரில் என்றால் அது என் தலையில் விடியும். மாரியிடம் என்றால் விடியாது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் தினமும் ஐந்தரைக்கு சிவகாசி பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுவேன். ஆறு மணிக்குப் பூட்டிவிட்டுப் போவது மாரி. அன்று பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்த பஸ் வரும்வரை மாடியில் உட்காரலாம் என்று திரும்பி வந்தேன். மாரி செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையைப் பெருக்கினார். மேசையை ஈரத்துணியால் துடைத்தார். பிறகு சுவரைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக ஒரு வரியை டைப் செய்தார்.

docker compose down -v

நான் எழுந்து போவதற்குள் என்டரைத் தட்டிவிட்டார். சுவரில் ஒட்டியிருந்தது என் கையெழுத்து. எது ஓடாவிட்டாலும் செய்ய வேண்டிய முதலுதவி என்று நான் எழுதி ஒட்டிய தாள். அதன் கடைசி வரிதான் இது. பக்கத்தில், "எல்லாம் சுத்தமாகும்" என்று பெரிதாக எழுதியிருந்தேன். வரியின் கடைசியில் உள்ள அந்த v, டேட்டாபேஸ் தன் சரக்கை வைத்திருக்கும் வால்யூமையும் சேர்த்து அழித்துவிடும். மறுபடி ஓட்டினால், தானாக ஏறும்படி நான் எழுதி வைத்த அந்த ஐந்து சோதனைச் சரக்கு மட்டும் திரும்ப வரும். என் கம்ப்யூட்டரில் வெறும் சோதனைச் சரக்கு இருந்ததால் எனக்கு அது நஷ்டமில்லை. தாளில் அதை எழுதவும் இல்லை.

"இதை எதுக்கு மாரி தினமும் போடுறீங்க?" என்றேன்.

"நீங்கதானக்கா ஒவ்வொண்ணும் ஒரு ரூமுன்னு சொன்னீக. கலக்குன மருந்துல மிச்சம் இருந்தா ராத்திரி ரூம்ல வைக்கக் கூடாதுல்ல. சுத்தம் பண்ணிட்டுத்தான் பூட்டணும். எம்புட்டு பேருக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கேன். ஏத்துன சரக்கு வேற எங்கயோ குடோன்ல பத்திரமா இருக்கும்னு நெனச்சேன்."

பட்டாசு யூனிட்டில் யாரும் இப்படித்தான் நினைப்பார்கள். கலக்கும் அறையிலேயே முடிந்த சரக்கையும் அடுக்கி வைக்கும் கிறுக்குத்தனத்தை அங்கே எவரும் செய்ய மாட்டார்கள். அதைச் செய்து வைத்திருந்தது நான்.

நடந்ததை மாரிக்கு விளக்கினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கிளம்பிய பிறகு தாளைக் கிழித்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். தாள் இல்லாவிட்டால், மாரி தானாக எதையோ அழுத்திவிட்டார் என்று முடிந்துவிடும். வீடு போய்ச் சேரும்வரை இந்த எண்ணம்தான்.

4. அரைக்கிலோ சேவு

வெள்ளிக்கிழமை நான் மாடியேறும்போதே அண்ணாச்சியின் சத்தம் கேட்டது. "நாலு நாளா சும்மா உக்காந்திருக்க. நாளைக்கு ஆளுக வந்தா என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

மாரி என் பெயரைச் சொல்லவே இல்லை. "ஏத்துனேன் அண்ணாச்சி. அழிஞ்சு போச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. தாளை எடுத்து அண்ணாச்சியின் முன்னால் வைத்தேன். "இதை எழுதுனது நான். அழிக்கச் சொன்னதும் நான்தான் அண்ணாச்சி. மாரி மேல ஒரு தப்பும் இல்ல."

அண்ணாச்சி தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். கால் மணி நேரத்தில் அரைக்கிலோ காரச்சேவோடு வந்து மாரியின் மேசையில் வைத்தார். இந்த ஊரில் மன்னிப்பு பொட்டலமாகத்தான் வரும்.

மாரி தொடவில்லை. "சேவு இருக்கட்டும் அண்ணாச்சி. டைப் பண்ணுன மாதிரி காட்டுதாளான்னு நேத்து கேட்டீக. நான் நாலடி தள்ளித்தான் உக்காந்திருந்தேன். அக்கா தெரியலன்னு சொன்னதும் காதுல விழுந்துச்சு."

பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார். "அந்த மிசினு எழுதி வச்சதைப் பூராம் படிச்சீக. ஊரு பேரு தெரியாதவுக கிட்டயெல்லாம் கேட்டீக. சாயங்காலம் நீ என்னம்மா செய்யுதன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளாக்கா?"

கேட்கவில்லை. கேட்டிருந்தால் செவ்வாய்க்கிழமை காலையிலேயே முடிந்திருக்கும். "தப்புதான் மாரி, மன்னிச்சிருங்க" என்றேன். அண்ணாச்சியும் தரையைப் பார்த்தபடி, "நானும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது தாயி" என்றார். மாரி பொட்டலத்தைப் பிரித்து மூவருக்கும் நடுவில் வைத்தார். மூன்று பேரும் பட்டியலைப் பிரித்துக்கொண்டு ஏற்றினோம். அண்ணாச்சி ஒற்றை விரலால் பதினேழு சரக்கு ஏற்றினார். அதில் நாலைத் திருத்த வேண்டியிருந்தது. சாயங்காலம் டேட்டாபேஸுக்கு ஒரு பேக்கப் எடுத்து வேறு கம்ப்யூட்டரில் வைத்தோம். அதற்குக் குடோன் என்று பெயர் வைத்தது மாரி. சனிக்கிழமை வந்தவர்கள் படம் சின்னதாக இருக்கிறது என்று மட்டும் குறை சொன்னார்கள். மாரியை அண்ணாச்சி நிரந்தரமாக்கினார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். போர்ட்டைப் பாருங்கள், லாக்கைப் படியுங்கள், பேக்கப் எடுங்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவரிடம், போவதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். மாரியிடம் கேட்டால் மட்டும், "இப்பவாது கேக்கத் தோணுச்சே" என்று சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வார்.