அப்பாவின் பெயரோடு ஒரு விசா

வேலைக்கான நேர்காணலை நான் ஒரு பாறை மேல் உட்கார்ந்துதான் முடித்தேன். எங்கள் ஊரில் போன் சிக்னல் அறுபடாமல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். சாமைக் கொல்லையைத் தாண்டிக் கொஞ்சம் மேலே ஏற வேண்டும். ஜவ்வாது மலையில் மழைக்காலக் காலை வேளைகளில் மேகம் கீழேயிருந்து ஏறி வரும். அன்றும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. போன் திரையில் வியட்நாமின் ஒரு மலை நகரத்து ஆங்கிலப் பள்ளியின் தலைமை ஆசிரியை தெரிந்தார். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இறந்த காலத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நேற்று சாப்பிட்டதில் ஆரம்பிப்பேன் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் நிறுத்தி, “உங்களுக்குப் பின்னால் இருப்பது படமா, நிஜமா?” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கொல்லையும் இல்லை, ஊரும் இல்லை. வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான்.

“நிஜம்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் நானும் தெரிய மாட்டேன்” என்றேன்.

அவர் சிரித்தார். வேலை அப்போதே கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

நான் இந்த மலையில் பிறந்தவள். விடுதியில் தங்கிப் பள்ளிப்படிப்பு, கீழே இறங்கிக் கல்லூரி, ஆங்கிலத்தில் பட்டம், பி.எட். பிறகு மலைக்கே திரும்பி ஒரு சின்னத் தனியார் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் என்னோடு படித்த, மலையடிவாரத்து ஒடுகத்தூர்க்காரி ஒருத்தி எனக்கு முன்பே அந்தப் பள்ளிக்கு வேலைக்குப் போயிருந்தாள். “அங்க உன்ன மாதிரி டீச்சரு வேணுமாம். குளிரும் பனியும் நம்ம மலை மாதிரியேதான் இருக்கும், வாடி” என்று அவள்தான் கூப்பிட்டாள்.

என் கணவருக்குச் சாமையும் புளியுந்தான் தொழில். கல்யாணமான புதிதில் அவர் கர்நாடகத்துக் காபித் தோட்டங்களுக்கு மாதக்கணக்கில் வேலைக்குப் போய்விடுவார். எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான். நான் விஷயத்தைச் சொன்னபோது அவர் கொல்லையில் வேலி கட்டிக்கொண்டிருந்தார். முள்ளை வைத்து அழுத்திவிட்டுச் சொன்னார்.

“நான் போனப்பலாம் நீ வூட்ல இருந்தியே. இப்ப நீ போய்ட்டு வா, நான் இருக்கேன்.”

“ரெண்டு வருசங்க.”

“இருக்கட்டும். அங்க காப்பிச் செடி கீதா?”

“நெறைய கீதாம்.”

“அப்ப எனக்குத் தெரிஞ்ச ஊர்தான்” என்று மறுபடி வேலிக்குக் குனிந்துகொண்டார்.

முதலில் பாஸ்போர்ட். வேலூரில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் என் பெயரைப் பார்த்துவிட்டு, “சர்நேம் இல்லீங்களே” என்றாள். எனக்கு இருந்ததெல்லாம் ஒரு இனிஷியல். பள்ளிக்கூடம், கல்லூரி, வாக்காளர் அட்டை எல்லாவற்றுக்கும் அந்த ஒற்றை எழுத்து போதுமானதாக இருந்தது. வெளிநாட்டு வேலைக்கென்றால் அது போதாது, அந்த இடம் காலியாக இருந்தால் விசாவில் சிக்கல் வரும் என்றாள் அவள். “அப்பா பேரைப் போடட்டுங்களா, வூட்டுக்காரர் பேரைப் போடட்டுங்களா?”

வெளியே நின்றிருந்த கணவரிடம் போய்க் கேட்டேன். “சர்ட்டிபிகேட்ல எல்லாம் மாமா எழுத்துதான கீது. அவரு பேரே போவட்டும். எனக்கு ஏரோப்ளேன்னா பயம்” என்றார். இனிஷியலாக இருந்த அப்பா அன்றைக்கு என் பெயருக்குப் பின்னால் முழுசாக வந்து நின்றார்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். புளியங்கொட்டையைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

“என் பேரா? அத வச்சிகினு இன்னா பண்ணுவாங்க?”

“கூப்புடுவாங்கப்பா.”

“யார?”

“என்ன.”

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “நீ திரும்பிப் பாத்துடுவியா?” என்றார்.

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒருவர் மழையில் நனைந்துகொண்டு பைக்கில் வந்தார். கதவு எண் கேட்டார். எங்கள் வீட்டுக்கு எண் எழுதிய ஞாபகமே யாருக்கும் இல்லை. “பலாமரத்து வூடுன்னா எல்லாருக்கும் தெரியுங்க” என்றேன். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் என்னைத் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டும். போலீஸைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் போய்க் கூப்பிட்ட பிறகு ஈரக் கையோடு வந்து நின்றாள்.

“இன்னா சார் பண்ணா இவ?”

“ஒண்ணும் பண்ணலம்மா. வெளிநாட்டுக்கு டீச்சர் வேலைக்குப் போறாங்க.”

“அதுக்கா போலீசு?” என்று அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, “பொறந்ததுலர்ந்து தெரியுங்க. நல்ல பொண்ணு, கொஞ்சம் தூக்கத்துல நடக்கற மாதிரி நடக்கும், அவ்ளோதான்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அவள் சொன்னது உண்மைதான். அந்த மாதங்களில் நான் பாதித் தூக்கத்தில்தான் இருந்தேன். என் பட்டச் சான்றிதழ் அரசு முத்திரைகளுக்காகச் சென்னைக்குப் போய், அங்கிருந்து டெல்லிக்குப் போய், நான் பார்க்காத ஊரையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. நான் மட்டும் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று பாடம் வாசிக்கும்போது, அவள் முகம் இன்னொரு நாட்டுப் பிள்ளையின் முகமாக மாறிவிட்டுத் திரும்பும். மலைச்சரிவைப் பார்த்தால் அதற்குப் பின்னால் இன்னொரு சரிவு மெல்லத் தெரியும், படத்தில் மட்டும் பார்த்த காபித் தோட்டங்களோடு.

மருத்துவச் சான்றிதழில்தான் எல்லாம் நின்றது.

வேலூரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். என் விலா எலும்புகள் ஒன்றன் கீழ் ஒன்றாகப் படிப்படியாக இறங்கின. மேலே வலது பக்கத்தில், மலையுச்சியில் மேகம் தங்கின மாதிரி, வெள்ளையாக ஒரு திட்டு.

“சின்ன வயசுல ரொம்ப நாள் இருமல் இருந்துச்சாம்மா?”

“ஒரு வருசம் இருமுனேன்னு அம்மா சொல்வாங்க டாக்டர்.”

“பழைய தழும்பாத்தான் இருக்கும். ஆனா அப்படின்னு நான் எழுதித் தர முடியாது. டி.பி. கிருமி இருக்கான்னு சளியை வளர்த்துப் பாக்கணும். சில வாரம் ஆகும்.”

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் கண்ணாடியில் தலை சாய்த்துக்கொண்டு வந்தேன். ஒடுகத்தூரைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் காது அடைத்தது. இந்த நுரையீரலோடு எத்தனை தடவை இந்த மலையை ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு நாளாவது இப்படி ஒன்று உள்ளே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததா என்று யோசித்தேன். பயமாக இருந்தது. விசா போய்விடுமே என்ற பயம் பாதி. மீதிப் பயம் எதைப் பற்றி என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

பள்ளியின் அடுத்த கல்விப் பருவம் தொடங்கும்வரை காத்திருப்போம் என்று தலைமை ஆசிரியை எழுதினார். காத்திருந்தோம். சாமைக் கதிர் முற்றிக்கொண்டிருந்தது. மத்தியானங்களில் கணவரும் நானும் கொல்லை வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுவோம். காற்றில் சாமை முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்திருக்கும். ஒருநாள் அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் காதைச் சாய்த்தார்.

“இன்னாங்க?”

“மூச்சு வுடு.”

விட்டேன்.

“நல்லாத்தான் கீது” என்றார். “டாக்டரம்மாவும் அதயேதான் சொல்வாங்க, பாரு.”

அவர் சொன்னபடியே ஆயிற்று. பழைய தழும்புதான், நோய் எதுவும் இல்லை என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். எழுந்து என் தோளில் தட்டி, “போங்கம்மா, நல்லா கத்திப் பாடம் நடத்துங்க” என்றார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரர் ஒருவர் எங்கே போகணும் என்று இரண்டு தடவை கேட்டதாக ஞாபகம்.

வேலை அனுமதிக்கான ஒப்புதல் அங்கிருந்து வந்தது. விசாவுக்குப் போன பாஸ்போர்ட் ஒடுகத்தூரில் ஒரு கடைக்கு வந்து சேர்ந்தது, கூரியர் மலைக்கு ஏறாது. கணவர் பைக்கில் போய், சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக் கொண்டுவந்தார். எடுத்தபோது சூடாக இருந்தது. விசா ஒட்டிய பக்கத்தை அப்பா விரலால் தடவிப் பார்த்தார். “வழவழன்னு கீது” என்றார்.

விமானத்தில் ஜன்னலுக்குக் கீழே மேகம்தான் இருந்தது. அதன் மேல் இருந்து பார்த்துப் பழகியவள் என்பதால் எனக்கு அது புதிதாகப் படவில்லை. தூங்கிவிட்டேன்.

அந்த நகரத்தில் இறங்கிய சில நாட்களில், தங்குவதற்கான அட்டைக்காக என் பாஸ்போர்ட்டைக் குடியேற்ற அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கையில் ஒரு ரசீது மட்டும். அதில் இருந்த மொழியில் ஒரு சொல்கூட எனக்குப் புரியாது. அந்த வாரங்களை இப்போது நினைத்தால் ஏதோ நீருக்கடியில் நடந்த மாதிரி இருக்கிறது. பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் பைன் மரங்கள். பெண்கள் தலையில் கூம்புத் தொப்பியோடு பூ விற்பார்கள். மழை தூறும், நிற்கும், மறுபடி தூறும். நான் அந்த ஊரில் இருந்தேன், ஆனால் இருக்கலாம் என்று யாரும் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை.

அங்கே பெயரின் கடைசியில் வருவதுதான் ஆளைக் கூப்பிடும் பெயர். பள்ளிப் பட்டியலில் என் பெயருக்குக் கடைசியில் அப்பா இருந்தார். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்று, டீச்சரைக் கூப்பிடும் ‘கோ’ என்ற சொல்லோடு சேர்த்து என் அப்பாவின் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து ஒடுகத்தூர்த் தோழி எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திருத்தவா என்று சைகையில் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

ஒருநாள் இடைவேளையில் ஊருக்குப் போன் போட்டேன். சொல்லிவைத்தபடி கொல்லைக்கு மேல் பாறையில் காத்திருந்த கணவர் எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, என்னைக் கூப்பிடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். கூப்பிட்டார்கள். அந்தப் பக்கம் பாறை மேல் காற்று வீசுகிற சத்தம் கேட்டது.

“இன்னாங்க?” என்றார் அப்பா, யாரோ பெரிய மனிதர் கூப்பிட்டுவிட்ட மாதிரி.

பிள்ளைகளுக்கு அது போதும். அன்றிலிருந்து நான் எது சொன்னாலும் “இன்னாங்க?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆங்கில வகுப்பில் அவர்கள் என்னிடமிருந்து கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் எங்கள் மலைத் தமிழாகப் போயிற்று.

அட்டை வந்த நாள் வெயிலாக இருந்தது. குடியேற்ற அலுவலகத்துப் பெண் அதைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள். கையடக்கமான அட்டை. என் புகைப்படம், முழுப் பெயர், எதுவரை தங்கலாம் என்ற தேதி. அவள் தன் மொழியில் ஏதோ சொன்னாள். வாழ்த்தாகத்தான் இருக்க வேண்டும். நன்றி சொன்னேன், அந்த ஒரு சொல் எனக்கு வரும்.

வெளியே வந்து எந்தப் பக்கம் என்று பார்க்காமல் நடந்தேன். அன்றைக்கு வகுப்பு மத்தியானத்துக்கு மேல்தான். பேருந்து நிறுத்தத்தில் முதுகில் பெரிய பைகளோடு வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர், வயதான ஆணும் பெண்ணும், போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் என்னிடம் வந்து, ஏரிக்கு எப்படிப் போக வேண்டும் என்று மெதுவான ஆங்கிலத்தில் கேட்டாள்.

வாயைத் திறந்த பிறகுதான் எனக்கு வழி தெரியும் என்பது எனக்கே தெரிந்தது. ரொட்டிக் கடை வரை நேராக, அங்கிருந்து இறங்கும் படிகள், படிகள் முடியும் இடத்தில் இடது பக்கம். மழை பெய்திருந்தால் படி வழுக்கும், சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

“நீங்கள் இந்த ஊரா?” என்றாள் அவள்.



“இங்கேதான் இருக்கிறேன்” என்றேன். அவர்களுக்குப் படி வரைக்கும் துணையாகப் போனேன். அவர்கள் இறங்கிப் போனதும், அந்த ரொட்டிக் கடையில் ஒன்று வாங்கிச் சுடச்சுடப் பிய்த்துத் தின்றுகொண்டே பள்ளிக்கு நடந்தேன்.