பிரித்துத் தைத்த கவுன்

எங்கள் தையல் கடையில் நான் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வெட்டித் தைக்கிறவளை எல்லாரும் டெய்லரக்கா என்போம். அவளுக்கு ஒரே மகள், ஐந்து வயது. ஓடி ஓடி ஊசி டப்பாவைக் கவிழ்ப்பாள் என்று அவளுக்கு வாலு என்று பெயர் வைத்ததே நான்தான்.

அந்த வாலு நாலே மாதத்தில் ஊதிப்போனாள். எந்நேரமும் பசி என்றாள்; அக்கா அளந்துதான் போட்டாள், அப்படியும் ஊதினாள். ஓட்டமும் நின்றது, உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். அவ்வளவுதான், ஊரில் இருக்கிற அத்தனை பேரும் வைத்தியர் ஆகிவிட்டார்கள். அக்காவின் நாத்தனார்காரி சாப்பாட்டு அலமாரிக்குப் பூட்டு வாங்கி வந்து மாட்டினாள். பெரிய உபகாரம்! டீச்சர் 'பிள்ளைக்குக் கட்டுப்பாடு தேவை' என்று சீட்டு அனுப்பினார். நான் மட்டும் என்ன யோக்கியம்? ஒளித்து வைத்து ஊட்டுகிறாயா என்று அக்கா முகத்துக்கு நேரே கேட்டவள்தானே.

அக்கா யாரிடமும் வாதாடவில்லை. இறுக்கிப் பிடித்த துணியோடு மகள் பள்ளிக்கூடம் போனால் கேலி செய்வார்களே என்று, இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் யூனிபார்ம் கவுனைப் பிரித்துத் தைத்தாள். உள்ளே விட்ட துணி தீர்ந்ததும் பக்கவாட்டில் பட்டி வைத்தாள். கை சுத்தம்; வெளியே ஒரு சுருக்கம் தெரியாது. அந்தச் சுத்தம்தான் அவளைக் கவிழ்த்தது. பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போய், நாலு மாதமாகத்தான் இப்படி என்று அவள் சொன்னபோது அவர் கவுனைப் பார்த்துச் சிரித்தாராம். நாலு மாதத்தில் ஏறிய உடம்பு என்றால் வருஷ ஆரம்பத்து யூனிபார்ம் இப்படி அளவெடுத்த மாதிரி இருக்குமா என்று கேட்டு, உணவுப் பட்டியல் ஒன்றை நீட்டி அனுப்பிவிட்டார். மெத்தப் படித்தவர் இல்லையா!

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் வாலு வெட்டு மேஜைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நூல்கண்டு எடுக்கக் குனிந்தேன். பிள்ளையின் உதடு நீலம். நெஞ்சு ஏறி இறங்கவில்லை. பிடித்து உலுக்கினேன். பெரிதாக ஒரு மூச்சு இழுத்துக் கண்ணைத் திறந்தாள். அக்காவைக் கத்திக் கூப்பிட்டேன்.

அப்போதே கிளம்பினோம். அதே டாக்டர், அதே பல்லவி, தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அக்கா பையிலிருந்து கவுனை எடுத்து உட்புறம் வெளியே வரத் திருப்பி அவர் மேஜையில் விரித்தாள். பிரித்த ஒவ்வொரு தையலும் ஊசித்துளை வரிசையாக நின்றது. முதலில் பிரித்த கோடு நன்றாக வெளுத்திருந்தது, கடைசிக் கோடு புதுசாக இருந்தது.

"எண்ணுங்க டாக்டர்."

எண்ணினார். ஒன்பது. முதல் முறையாகப் பிள்ளையைப் பார்த்தார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உடம்பெல்லாம் வயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்த டாக்டரம்மா, இது அபூர்வமான நோய், சோறு போட்டதால் வந்ததில்லை என்றார். பசியையும் எடையையும் பார்த்துக்கொள்கிற மூளைப் பகுதி கெட்டிருக்கிறது. தூங்கினால் போதுமான மூச்சு எடுக்கவும் உடம்பு மறந்துவிடுகிறது. குணமாக்க மருந்து இல்லை. இனி தூங்கும்போதெல்லாம் முகமூடி மாட்டி மிஷின் போட வேண்டும். போடாத ஒரே தூக்கத்தில் உயிர் போகலாம் என்றார்.

நாத்தனார் பூட்டைக் கழற்ற வந்தாள். பசி அடங்காத நோய், பூட்டு இருக்கட்டும், பேச்சை மட்டும் கழற்றிக்கொண்டு போ என்று நான்தான் அனுப்பினேன்.

போன வாரம் அக்கா வாலுவுக்குப் புதுக் கவுன் தைத்தாள். பக்கவாட்டில் வழக்கமான துணிதான் விட்டாள். கீழே மட்டும் நாலு விரல் அகலத்துக்கு மடித்து அடித்தாள். அகலமாகிற பிள்ளைக்கு அங்கே எதற்கு அவ்வளவு துணி என்று கேட்டேன். இந்த வாயை என்ன செய்வது?

"உயரமா வளருவா இல்லையா? அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம், பிரிச்சு விடணுமே."

காஜா ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டேன். புதுக் கவுனின் முதல் காஜாவைப் போட ஆரம்பித்தேன்.